உன் ஏழா, என் ஏழா?

அத்தியாயம் 6
(முன்னுரையையும் எண்ணுகிறவர்களுக்கு 7)

வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை தொங்கியது. உள்ளே வால் மண்டியிட்டு, உடைந்த நாற்காலிக் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த நாற்காலி இன்னும் ஏன் நிற்கிறது என்பதுதான் இதுவரை அந்த நிலையத்தால் துப்புத் துலக்க முடியாத ஒரே மர்மம்.

வால் அவனுடைய சொந்தப் பெயர் இல்லை. மேடம் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறான் என்று போலீஸ்காரர்கள் சூட்டியது. வயது முப்பத்தொன்று. முன்தலை முடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. வாய் மட்டும் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே தங்கிவிட்டது.

நிலையத்தை நடத்தும் மேடத்துக்கு ஐம்பதுக்கு மேல். அவருடைய கைப்பையில் துப்பாக்கி இருப்பதாக ஊரே நம்பியது. உண்மையில் இருந்தது தையல்காரர்களின் அளவு டேப்பும் ஒரு சீப்பும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அழுது முடித்துவிட்டு, மறுபடி அழ இன்னும் நேரம் வராத முகம். நேராகப் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அது ஆடியது. அவள் கவனிக்கவில்லை.

“எங்க அப்பா கொலைகாரர் இல்லைன்னு நிரூபிக்கணும்.”

“யாரு அவரைக் கொலைகாரர்னு சொல்றது?” என்றார் மேடம்.

“அப்பாதான்.”

வால் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

அவள் சொன்னாள். அவளுடைய அம்மாவைச் சுவரொட்டிகளில் ‘பறவை’ என்று போடுவார்கள். நாடகத்தின் கடைசிக் காட்சியில் மேலே பரணிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, தரைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நிற்பார். சபை மூச்சு விட மறந்துபோகும். அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை திரைக்குப் பின்னால் அப்பாவின் கையில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அப்பாவை எல்லோரும் கூப்பிடுவதே ‘கயிற்றுக்காரர்’ என்றுதான்.

“இந்த வருஷம் பொறந்ததும் பிரிஞ்சுட்டாங்க. அம்மா தனியா வீடு எடுத்துட்டுப் போய், ஒரு உடற்பயிற்சி வகுப்பும் ஆரம்பிச்சாங்க. நாடகத்துல மட்டும் சேர்ந்து வேலை. ஆனா பேசிக்க மாட்டாங்க. எல்லாம் என் வழியாத்தான். ‘உங்கப்பாகிட்டச் சொல்லு’, ‘உங்கம்மாகிட்டச் சொல்லு.’ நான் தபால்காரி.”

“அப்புறம்?”

“பழைய ஹால்ல கூரை வேலைன்னு போன வாரம் புது ஹாலுக்கு மாறினோம். ஹால் மாறினா உயரம் மாறும். கயிறு எவ்வளவு விடணும்னு புதுசா எண்ணணும். கயித்துல மீட்டருக்கு ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அம்மா பரண்ல ஏறி, அளவுக் கயித்தைத் தொங்கவிட்டு, பட்டையை எண்ணி என்கிட்டச் சொன்னாங்க. நான் ஓடிப்போய் அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா அந்தக் கணக்குக்கு விட்டாரு.” அவள் நிறுத்தினாள். “ஒரு மீட்டர் கூடப் போயிடுச்சு.”

தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் அந்தக் குரல் கடந்துபோகும்வரை காத்திருந்தார்கள்.

“ஆறு மீட்டர் விடணும். ஏழு விட்டிருக்கார்னு போலீஸ் அளந்து பாத்துட்டாங்க. நான்தான் அப்பாகிட்ட ஏழுன்னு சொன்னேன் மேடம். அம்மா ஆறுன்னு சொல்லியிருக்கணும். நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“ஆறுன்னு அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்ல. ஏழுன்னு சொன்னதுதான் காதுல இருக்கு. ஆனா அம்மா ஏழுன்னு சொல்லியிருந்தா, அம்மா செத்திருக்க மாட்டாங்களே?”

அந்தக் கணக்கில் வாலுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

“போலீஸ்ல இதைச் சொன்னியாம்மா?” என்று கேட்டான்.

“சொன்னேன். ‘அப்பனைக் காப்பாத்தப் பாக்குற, வீட்டுக்குப் போ’ன்னுட்டாங்க. அப்பா வேற, ‘எனக்கு யாரும் எந்தக் கணக்கும் சொல்லல. ஆறுன்னு எனக்கே தெரியும். வேணும்னேதான் ஒண்ணு கூட விட்டேன்’னு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்காகத்தான் பொய் சொல்றாரு. இன்னிக்குச் சாயங்காலம் நீதிபதி முன்னாடி கூட்டிட்டுப் போறாங்க. அங்கயும் அதையே சொல்லிட்டார்னா...”

“திரும்பி வர்றது கஷ்டம்” என்றார் மேடம். ஆறுதல் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. “நீ ஸ்டேஷன்ல போய் உக்காரு. எங்களுக்கு ரெண்டு இடத்துல வேலை இருக்கு.”

*

புது ஹாலில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. மேடையின் நடுவில் ஒரு கம்பளம் விரித்திருந்தார்கள். அது அலங்காரத்துக்காக விரித்தது இல்லை என்று தெரிந்ததும் வால் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

மேனேஜர் இரண்டு கையையும் விரித்தபடியே பேசினார். “எங்க கம்பெனியில இதுவரைக்கும் ஒரு சின்னக் கீறல் கிடையாதும்மா.”

“புது ஹால்ல முதல்ல மணல் மூட்டையைக் கட்டி விட்டுப் பாப்பாங்களே. பாக்கலையா?”

“மூட்டை வர்ற லாரி லேட்டு. ஒத்திகைக்கு நேரமாச்சு, சரி ஆரம்பிங்கன்னேன். ஆனா அதெல்லாம் கயிற்றுக்காரன் பொறுப்பும்மா.”

“லாரி ஓட்டினதும் அவர்தானா சார்?” என்றான் வால்.

மேனேஜர் அவனைப் பார்க்கவே இல்லை. “அவங்களுக்குள்ள எப்பவும் ஆகாதும்மா. எந்த ஹாலுக்குப் போனாலும் முதல் நாள் ஒரே ரகளை. அந்தம்மா மேலேருந்து ஒரு நம்பரைக் கத்துவாங்க. இவன் கீழேருந்து, ‘உன் எட்டா, என் எட்டா?’ன்னு கத்துவான். அந்தம்மா, ‘என் எட்டுதான், என்னிக்கு உன் எட்டைச் சொன்னேன்?’னு திருப்பிக் கத்துவாங்க. உன் ஏழா, என் ஏழா, உன் ஒன்பதா, என் ஒன்பதா... நம்பர்ல கூட விட்டுக்குடுக்காத புருஷன் பொண்டாட்டி! கம்பெனி மொத்தமும் உக்காந்து சிரிக்கும். இன்ஸ்பெக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். நல்லா எழுதிக்கிட்டாரு.”

“இந்த ஹால்ல அந்தச் சண்டை நடந்துச்சா?”

“அதான் இல்லையே! அன்னிக்கு ஒரே அமைதி. எனக்கு அப்பவே சந்தேகம். உள்ளுக்குள்ள திட்டம் போட்டுட்டவன் எதுக்குச் சத்தம் போடப்போறான்?”

மேடம் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டல். பிறகு பரணை அண்ணாந்து பார்த்தார்.

“வால், மேல ஏறு.”

“மேடம், எனக்கு உயரம்னா...”

“தெரியும். ஏறு.”

ஏணியின் ஒவ்வொரு படியிலும் வால் தன் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தான். மேலே போனதும் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டான். அளவுக் கயிறு இன்னும் பரண் விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. முதல் சிவப்புப் பட்டை அவன் மூக்குக்குக் கீழேயே, விளிம்பில் இருந்தது. பாய்ச்சல் முடிந்து நிற்கவேண்டிய இடத்தில், தரைக்குச் சற்று மேலே, கயிற்றில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதைப் பறவையே கட்டியிருக்க வேண்டும்.

“துணி கட்டின பட்டை வரைக்கும் எத்தனை பட்டை?” என்று கீழேயிருந்து கத்தினார் மேடம்.

“ஏழு!”

“ஆறு மீட்டர்தான் தம்பி” என்றார் மேனேஜர்.

வால் மறுபடி எண்ணினான். ஏழுதான். “பயத்துல ஒண்ணு கூடத் தெரியுது போல மேடம்” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே இறங்கினான்.

திரைக்குப் பின்னால் கயிற்றுக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரைச் சுருட்டை என்று கூப்பிட்டார்கள். மற்றவர் பேசவே இல்லை. கண்கள் சிவந்திருந்தன. அங்கே நின்றால் மேடை தெரியாது, பரணும் தெரியாது. தடித்த கறுப்புத் திரை மட்டும்தான் தெரியும்.

“இதுல நாலு விடுங்க” என்றார் மேடம்.

சுருட்டை ஒரு பட்டையைப் பிடித்தபடி நின்றார். கயிற்றை நழுவவிட்டார். அடுத்த பட்டை கைக்கு வந்தது. “ஒண்ணு” என்றார். அதற்கடுத்தது. “ரெண்டு.” நாலில் நிறுத்தினார். மேடம் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். சரியாக நாலு மீட்டர்.

“ஆரம்பத்துல கையில புடிச்சிருந்தீங்களே, அந்தப் பட்டையை எண்ணலையா?”

சுருட்டை அவரை ஒரு மாதிரி பார்த்தார். “அது கையிலதானேம்மா இருக்கு? கையில இருக்கிறதை எதுக்கு எண்ணணும்? போனதைத்தான் எண்ணுவோம். கயிறு பிடிக்கிறவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்.”

“பறவையும் இப்படித்தான் எண்ணுவாங்களா?”

“அக்காவா? அது எனக்குத் தெரியாதும்மா. அவங்க கயித்தைப் பிடிச்ச ஆள் இல்லையே. கயித்துல தொங்கின ஆளு.”

பேசாமலே நின்ற மற்றவர் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

பிரிந்து வந்த பிறகு பறவை ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இடுப்பு வலி, முதுகு வலி, வீட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வந்தால் போதும் என்கிற வலி, எல்லா வலிக்காரர்களும் அங்கே வருவார்கள்.

அன்றும் வந்திருந்தார்கள். நடத்த ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வகுப்பு நேரம் வந்ததும் வேறெங்கே போவது என்று தெரியாமல் வந்து, பாய்களை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி வேகும் வாசனை படியேறி மேலே வந்துகொண்டிருந்தது.

கீழே பேக்கரி நடத்தும் அக்காதான் எழுந்து வந்தார். நல்ல கனத்த உடம்பு. கைகளில் மாவு.

அறையின் நடுவில் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதிலும் பட்டைகள் உண்டு, மஞ்சள் நிறத்தில்.

“இதுல ஏறுவீங்களா?” என்றார் மேடம்.

“நானே ஏறுவேன்னா பாத்துக்கோங்க.”

“எங்காளு ஏறுவான். நீங்க எண்ணுங்க. நாலு ஏறட்டும்.”

“மேடம், இன்னிக்கு என்னைத் தரையில நிக்க விடுறதே இல்லைன்னு வேண்டுதலா?” என்று கேட்டுக்கொண்டே வால் சட்டைக் கையை மடித்தான். எட்டி, முதல் பட்டையைப் பிடித்தான்.

“ஒண்ணு” என்றார் பேக்கரி அக்கா.

“அக்கா, நான் இன்னும் கிளம்பவே இல்ல. கால் தரையில இருக்கு.”

“புடிச்சிட்டல்ல? அப்ப ஒண்ணு.”

வால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பட்டைக்குத் தாவினான். “ரெண்டு.” அதற்கடுத்தது. “மூணு.” அதற்கும் அடுத்தது. “நாலு. போதும், இறங்கு. பேன்ட் கிழியப்போகுது.”

“இல்லக்கா, மூணு தடவைதானே ஏறினேன்? உங்க பாட்டுக்கு நாலுங்கறீங்க!”

“உன் கை எந்தப் பட்டையில இருக்கு? கீழேருந்து எண்ணிப் பாரு.”

வால் தொங்கிக்கொண்டே எண்ணினான். கை இருந்தது நாலாவது பட்டையில்தான். ஏறியது மூன்று முறைதான். இரண்டும் உண்மை. சுவரோரம் ஒரு பெண் சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சுற்றிலும் பார்த்தாள்.

“யாரு இப்படி எண்ணச் சொல்லிக்குடுத்தது?” என்றார் மேடம்.

“அவங்கதான். வேற யாரு?” பேக்கரி அக்கா கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார். “முதல் நாள் நான் இதைப் புடிச்சிட்டு நின்னேம்மா. இந்த உடம்பை வச்சிட்டு எங்க ஏறுறது? வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அவங்க ‘ஒண்ணு’ன்னாங்க. நான் ஒண்ணுமே பண்ணலையேம்மான்னேன். ‘முதல் பிடிதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம், அதை எண்ணாம விட்டா அநியாயம்’னாங்க. எனக்கு அவ்வளவு சுலபமா யாரும் மார்க் போட்டதில்ல...”

மேற்கொண்டு அவரால் முடியவில்லை. மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் வெள்ளையானது. மேடம் கைப்பையைத் திறந்து துழாவினார். சீப்பும் டேப்பும்தான் இருந்தன. வால் தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

“எப்பவும் இப்படித்தான் எண்ணுவாங்களா? படி, பட்டை, எதுன்னாலும்?”

“எப்பவும்.”

டாக்ஸியில் வால் ரொம்ப நேரம் தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். அஞ்சு விரல். நடுவில் நாலு சந்து. விரலை எண்ணினால் அஞ்சு, சந்தை எண்ணினால் நாலு. இதை ஒன்றாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

“மேடம், அந்தம்மா பட்டையை எண்ணி ஏழுன்னாங்க. சரிதான், ஏழு பட்டை. அவர் இடைவெளியை எண்ணி ஏழு விட்டாரு. அதுவும் சரிதான், ஏழு இடைவெளி.”

“ம்.”

“ரெண்டு பேரும் சரி.”

“ஆமா.”

“ரெண்டு பேரும் சரின்னா எப்படி மேடம் ஒருத்தர் செத்துப்போனாங்க?”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் பதில் இருந்தது. இல்லாததுபோல் இருக்கவே விரும்பினார்.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கிளம்பத் தயாராகத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு ஓரத்தில் கயிற்றுக்காரர், மறு ஓரத்தில் மகள். நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் இடம். அவருடைய உள்ளங்கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. கயிறு அறுத்து அறுத்துக் காய்த்த கைகள். ஒரு கையில் மட்டும் புதுக் காயம். கடைசி நேரத்தில் கயிற்றை இழுத்துப் பிடிக்கப் பார்த்த காயம் என்று வாலுக்குப் புரிந்தது. வேண்டுமென்றே விட்டவன் கையில் அந்தக் காயம் இருக்காது. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை.

“வாங்க மேடம். வாலும் வந்தாச்சா? ஆனா லேட்டு. அவரே ஒத்துக்கிட்டாரு” என்றார் இன்ஸ்பெக்டர்.

“உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடறேன். லாக்கப் கதவுல எத்தனை கம்பி சார்?”

“என்னது?”

“எண்ணுங்களேன்.”

இன்ஸ்பெக்டர் எண்ணினார். “ஏழு.”

“கம்பிக்கு நடுவுல எத்தனை சந்து?”

“ஒண்ணு, ரெண்டு...” அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “ஆறு.”

கயிற்றுக்காரர் தலையைத் தூக்கினார்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். “நீங்க நிக்கிற இடத்துலேருந்து பார்த்தா திரை மட்டும்தான் தெரியும். ஆறுன்னு உங்களுக்கே தெரியும்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“தெரியாது. உங்க பொண்ணு வந்து ஏழுன்னு சொன்னா. நீங்க ஏழு விட்டீங்க. விபத்துன்னு சொன்னா, கணக்குச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. பொண்ணு பேர் வந்துடும்னு...”

“அவ பேச்சை இழுக்காதீங்க!” அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சே அதிர்ந்தது. “அவ ஒண்ணும் சொல்லல. சின்னப் பொண்ணு. வாழ்நாள் பூரா அவ அதைத் தூக்கிட்டு நடக்கணுமா? நான்தான் விட்டேன். என் கைதான் விட்டுச்சு.”

“அவ தப்பாச் சொல்லல. சரியாத்தான் சொன்னா.”

அவர் அப்படியே நின்றுபோனார்.

“உங்க மனைவி ஏழுன்னுதான் சொல்லி அனுப்பினாங்க. பட்டையை எண்ணினாங்க, கையில புடிச்ச பட்டையையும் சேர்த்து. நீங்க கையில இருக்கிறதை எண்ண மாட்டீங்க. அவங்க ஏழும் உங்க ஏழும் வேற வேற.”

மகள் எழுந்தாள். “அப்ப நான்...”

“நீ கொண்டுபோன தபால்ல ஒரு எழுத்துகூட மாறலம்மா” என்றான் வால். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கிண்டல் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். “அப்போ இந்தச் சண்டை? ‘உன் ஏழா, என் ஏழா’ன்னு கத்துவாங்கன்னு கம்பெனியில ஒருத்தர் பாக்கியில்லாம சாட்சி சொல்லியிருக்காங்களே? அதுதானே மேடம் விரோதத்துக்கு ஆதாரம்?”

“அது சண்டை இல்ல சார். கேள்வி. ஒவ்வொரு ஹால்லயும் அவங்க நம்பர் சொல்லுவாங்க, இவர் அது யாரோட கணக்குன்னு கேப்பாரு. ‘என் கணக்குதான்’னு அவங்க சொன்னதும் ஒண்ணைக் கழிச்சுக்குவாரு. கம்பெனி மொத்தமும் உக்காந்து சிரிச்சுச்சே, அந்தச் சண்டைதான் இத்தனை வருஷம் அந்தம்மாவை உயிரோட வச்சிருந்துச்சு. இந்த ஹால்ல சண்டை நடக்கல. அவ்வளவுதான்.”

கயிற்றுக்காரர் மகளைப் பார்த்தார். முதலில் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, பெண் தப்பித்தாள். அது வந்த வேகத்திலேயே போனது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வால் தரையைப் பார்த்தான்.

“நாக்கு வரைக்கும் வந்துச்சும்மா” என்றார் அவர், மகளிடம். “நீ ஏழுன்னு சொன்னதும் கேக்கணும்னு வந்துச்சு. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பேச்சு. அதை எப்படி உன்கிட்டக் குடுத்தனுப்புறது? நானே கத்திக் கேட்டா, நானா முதல்ல பேசின மாதிரி ஆயிடும்னு... அவளுக்குத் தெரியாதா, என்னைப் பத்தி நல்லாத் தெரியுமே, இப்ப நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சு அவளே என் கணக்குக்கு மாத்தித்தான் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்.”

மகள் அவர் கையிலிருந்த காயத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நான் உங்ககிட்டச் சொல்லிட்டு மேல போனப்போ அம்மா, ‘அப்பா ஏதாவது கேட்டாரா?’ன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லைன்னேன். அம்மா திரைப் பக்கமே பாத்துட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம், ‘சரி, அவருக்குத் தெரியும்’னு சொல்லிட்டு இடுப்பு பெல்ட்டுல கயித்தை மாட்டினாங்க.”

கயிற்றுக்காரர் உட்கார்ந்தார். காயம்பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

எத்தனை நேரம் அப்படிப் போனது என்று யாரும் எண்ணவில்லை.

“நான் எழுதிக் குடுத்தது அப்படியே இருக்கட்டும் சார்” என்றார் கடைசியில். “கையெழுத்துப் போட்டுடறேன். நான் கேக்கல. அதுக்கு என்ன தண்டனையோ அதைப் போடச் சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கண்டுபிடித்தார். தலையில் வைக்காமல் மேசை மேல் வைத்தார். “கேக்காம விட்டதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லப்பா” என்றார். பிறகு வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் குரலை உயர்த்தினார். “அந்த மேனேஜரைக் கூப்பிடு. மணல் மூட்டை பத்திப் பேசணும்னு சொல்லு. லாரி பத்தியும்.”

மேடம் டேப்பைப் பையில் போட்டு மூடினார். வழக்கமாக இந்த இடத்தில் வால் ஒரு ஜோக் சொல்வான், இன்ஸ்பெக்டர் சிரிப்பார், மேடம் சிரிக்க மாட்டார். அன்று ஜோக்குக்காக யாரும் காத்திருக்கவில்லை.

மகள் அப்பாவின் பக்கத்தில், நடுவில் இடமே விடாமல், வந்து நின்றாள்.

“வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம்.”

அவர் நிமிர்ந்தார். “எந்த வீட்டுக்கு?”

“அம்மா வீட்டுக்கு. அம்மா துவைச்சுப் போட்ட துணி இன்னும் கொடியிலயே கிடக்கு. எடுக்க எனக்குக் கை வரலப்பா.”

அவர் எழுந்தார். அந்த வீட்டுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. வழி தெரியாது.

மேடம் டாக்ஸி பிடிக்கப் போனார். வால் ஸ்டேஷன் படியிலேயே நின்று அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் தாழ்ந்து தெரு மஞ்சளாகியிருந்தது. முதல் முனையில் கயிற்றுக்காரர் நின்று மகளிடம் ஏதோ கேட்டார். அவள் கையைக் காட்டிப் பதில் சொன்னாள். நாலு எட்டு நடந்தார். மறுபடி நின்று வேறு ஏதோ கேட்டார். அவள் இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகச் சொன்னாள். தெருவைக் கடக்கும் முன் இன்னொரு தடவை கேட்டார்.

என்ன கேட்கிறார் என்று வாலுக்கு அங்கிருந்து காதில் விழவில்லை. அவர் கேட்டுக்கொண்டே போனார்.